கை மாறிய சன்னிதிகள்: திருச்சாரணத்து மலையும் நாகராஜா கோயிலும்

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் உள்ள ஹேகியா ஸோஃபியா என்ற புராதன தேவாலயம் 2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. எண்பத்தைந்து ஆண்டுகள் மியூசியமாக இருந்த அந்தக் கட்டடம் மீண்டும் மசூதியாக்கப்பட்டது. நம் அங்கத்தினர்களில் பலர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வழியில் அதைப் பார்த்திருப்பார்கள். திருவனந்தபுரத்தில், எங்கள் ஸ்ரீவராகத்திலும் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. "ஒருத்தர் கட்டின கோயிலை இன்னொருத்தர் எடுத்துக்கறது என்ன நியாயம்?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேட இஸ்தான்புல் வரை போக வேண்டியதில்லை. கிழக்கே கோட்டையில் நாகர்கோவில் பஸ் ஏறினால் போதும். வழியில் ஒன்றும், வழி முடிகிற இடத்தில் ஒன்றுமாக இரண்டு கோயில்கள் இருக்கின்றன. இரண்டும் சமணர்கள் வழிபட்ட இடங்கள். இரண்டிலும் இன்று நம் தெய்வங்கள் குடியிருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்ததன் பயனே இக்கட்டுரை.

ஹேகியா ஸோஃபியாவின் கதை சுருக்கமாக

பைஸாந்தியச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 532ல் தொடங்கி 537ல் கட்டி முடித்த தேவாலயம் அது. ஆந்தெமியஸ், இஸிடோர் என்ற இரண்டு கணித நிபுணர்கள் அதன் ஸ்தபதிகள். சுமார் 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடம், தரையிலிருந்து 55 மீட்டர் உயரத்தில், தாங்குவார் இல்லாமல் மிதப்பதுபோல் நிற்கும். 558ல் அது இடிந்து விழுந்தது. இன்னும் உயரமாக மறுபடி கட்டி 562ல் திறந்தார்கள். 1204ல் நான்காவது சிலுவைப் போருக்கு வந்தவர்கள் அதைக் கொள்ளையடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். 1261 வரை அது ரோமன் கத்தோலிக்கர் வசம் இருந்தது. 1453 மே 29 அன்று ஸுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்தார். அன்றே தேவாலயம் மசூதியாக்கப்பட்டது. 1934ல் துருக்கிக் குடியரசு அதை மியூசியமாக்கத் தீர்மானித்தது. 1935ல் மியூசியம் திறந்தது. 2020 ஜூலை 10 அன்று நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய, ஜூலை 24 அன்று மீண்டும் தொழுகை தொடங்கியது.

உள்ளே போய்ப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். தேவாலயத்தின் பீடப் பகுதி ஒரு திசையை நோக்கும். மெக்காவைக் காட்டும் மிஹ்ராப் மாடம் அதிலிருந்து சற்றே வலப்பக்கம் திரும்பியிருக்கும். கட்டடம் ஒரு திசை பார்க்க, தொழுபவர்கள் இன்னொரு திசை பார்க்கிறார்கள். எவ்வளவுதான் மாற்றினாலும் ஒரு கட்டடம் தன் பழைய முகத்தை முழுவதும் மறைத்துக்கொள்வதில்லை. நம் ஊர்க் கோயில்களிலும் இதே போன்ற அடையாளங்களைத்தான் தேட வேண்டும்.

மலைக்கோயில்

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியிக்காவிளை வழியாகக் குழித்துறை தாண்டினால் மார்த்தாண்டம். அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம் போனால் சிதறால் என்ற கிராமம். ஊர்க்காரர்களுக்கு அது 'மலைக்கோயில்'. கல்வெட்டுகளில் அதன் பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமண முனிவர்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை போகிறது. இருபுறமும் முந்திரி மரங்களும் பாறைகளும். முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சியில் ஒரு பெரிய பாறை இன்னொரு பாறையின்மேல் சாய்ந்து நிற்க, நடுவே ஒரு சந்து. அதில் நுழைந்து அந்தப் பக்கம் போனால்தான் கோயில் தெரியும். பாறையே கூரை; அதன் கீழே தூண் மண்டபமும், மூன்று கருவறைகளும், ஒரு மடைப்பள்ளியும். பாறையின் தலைமேல் சிதைந்துபோன செங்கல் கோபுரம். கீழே தென்னந்தோப்புகளும், தூரத்தில் ஆறும், அதற்கப்பால் மலைத்தொடரும். முனிவர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்று கருவறைகளில் ஒன்றில் மகாவீரர், ஒன்றில் பார்சுவநாதர், ஒன்றில் தேவி. வெளியே பாறை முகப்பில் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். முக்குடையின் கீழ் தியானத்தில் அமர்ந்த தீர்த்தங்கரர்கள், படம் எடுத்த நாகத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதர், அருகே பத்மாவதி, இரண்டு குழந்தைகளோடும் சிங்கத்தோடும் அம்பிகா யக்ஷி. சில உருவங்களின் கீழே, அதைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் அவற்றில் ஒன்று. மதுரையைச் சுற்றியுள்ள பல சமணக் குன்றுகளிலும் இதே பெயரைக் காணலாம். இன்னொருவர் வீரநந்தி, இவர் திருநறுங்கொண்டைப் பள்ளியைச் சேர்ந்தவர். அந்தத் திருநறுங்கொண்டை உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கே பார்சுவநாதர் இன்றும் அப்பாண்டைநாதர் என்ற பெயரில் பூஜை பெறுகிறார். ரயிலும் ரோடும் இல்லாத ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து இந்தத் தென்கோடி வரை நடந்தே வந்திருக்கிறார்கள்.

ஒரு குரத்தியின் பொன்

இந்த மலையிலுள்ள கல்வெட்டுகளில் மிக முக்கியமானது ஆய் வம்சத்து அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரட்டநேமி பட்டாரர் என்ற சமண குருவின் சிஷ்யை குணந்தாங்கி குரத்திகள், திருச்சாரணத்து மலைப் பட்டாரியாருக்குப் பொன் அணிகள் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் துறவி, தன் பெயரிலேயே, ஒரு தெய்வத்துக்கு நகை சாத்தியிருக்கிறாள். சாசனம் அவள் தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ சொல்லவில்லை. குருவின் பெயரைத்தான் சொல்கிறது.

இங்கே 'பட்டாரியார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டாரர் என்பது தெய்வத்துக்கும் குருவுக்கும் வழங்கிய மரியாதைச் சொல். அதன் பெண்பால் பட்டாரியார். அதாவது, சமணர் காலத்திலேயே இந்த மலையில் பெண் தெய்வத்துக்குத் தனி ஏற்றம் இருந்தது. பின்னால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இது பகவதி கோயிலாக மாறியபோது, கும்பிட வந்த கிராமத்துப் பெண்ணுக்கு மாறுதல் எவ்வளவு தெரிந்திருக்கும்? அவளுடைய பாட்டி பட்டாரியார் என்றாள். இவள் பகவதி என்றாள். பாறையில் சிங்கத்தோடு நிற்கும் அம்மன் முன்பு எப்படி நின்றாளோ அப்படியேதான் நின்றாள். இஸ்தான்புல்லில் ஒரே நாளில் நடந்தது, இங்கே ஓரிரண்டு நூற்றாண்டுகளில் நடந்திருக்கிறது. பெரும்பாவூருக்கு அருகே கல்லில் என்ற இடத்திலும் இதே கதைதான். அங்கும் ஒரு சமணக் குகை பகவதி கோயிலாகியிருக்கிறது.

அதே அரசர்கள், நம் வேதசாலை

இங்கே நம் அங்கத்தினர்களுக்குப் பிரத்யேகமாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. விக்கிரமாதித்த வரகுணனுக்கு முன் ஆண்ட ஆய் அரசன் கருநந்தடக்கன். முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் விஷ்ணு கோயிலைக் கட்டி, அதனுடன் ஒரு வேதசாலையும் ஏற்படுத்தியவர் அவர். அதைச் சொல்லும் செப்பேடு, காந்தளூர் சாலையின் மாதிரியில் 95 சட்டர்களுக்கு, அதாவது வித்யார்த்திகளுக்கு, இடம் ஒதுக்குகிறது. 45 பேர் ரிக்வேதிகள். 36 பேர் தைத்திரீய சாகை. 14 பேர் ஸாமவேதத்தின் தலவகார சாகை. காந்தளூர் சாலை எங்கே இருந்தது என்று கேட்டால், திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்பது பலருடைய கருத்து. தினமும் அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் எங்களில் உண்டு.

அடுத்து வந்த விக்கிரமாதித்த வரகுணன் திருச்சாரணத்து மலையோடு நிற்கவில்லை. பாலியம் செப்பேடு என்று சொல்லப்படும் சாசனத்தில் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்த க்ஷேத்ரத்துக்கு நிலம் விட்டிருக்கிறார். ஒரே வம்சம், ஏறத்தாழ ஒரே காலம்: வேதம் ஓத ஒரு சாலை, சமணருக்கு ஒரு மலை, பௌத்தருக்கு நிலம். மூன்றையும் ஒரே கருவூலம் தாங்கியிருக்கிறது.

இன்று இந்த மூன்றும் என்ன ஆயின? ஸ்ரீமூலவாசம் இல்லை. பார்த்திவபுரத்தில் பெருமாள் இருக்கிறார். 95 பேர் ஓதிய சாலை இல்லை. காந்தளூர் சாலையில் மிஞ்சியது ஒரு தெருவின் பெயர். முழுசாக நிற்பது திருச்சாரணத்து மலை ஒன்றுதான். அது நிற்பதற்கு ஒரு காரணம், பழையவர்கள் போன பிறகு வேறொருவர் அங்கே விளக்கேற்றியது.

நாகர்கோவில் என்ற பெயர்

மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில். ஊருக்கே பெயர் கொடுத்த நாகராஜா கோயிலைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகதோஷ நிவர்த்திக்கும், புத்திர பாக்கியத்துக்கும் எத்தனையோ குடும்பங்கள் பாலும் மஞ்சளுமாகப் போயிருக்கின்றன. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. மூலஸ்தானத்துக்கு ஓலைக் கூரை; பிரசாதமாகத் தருவது கருவறை மண். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் அந்த மண் மாறும் என்பது ஐதீகம். பக்கத்திலேயே அனந்தகிருஷ்ணன் சன்னிதி.

தரிசனம் முடிந்ததும் மண்டபத் தூண்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி ஆகியோரின் சிறு உருவங்கள் அங்கே இருக்கின்றன. நாகராஜாவின் வாசலில் துவாரபாலகர்களாக நிற்கும் இரண்டு நாகங்களைத் தரணேந்திரன், பத்மாவதி என்று அடையாளம் காண்கிறார்கள். சமணர் கதையில், தியானத்திலிருந்த பார்சுவநாதரின்மேல் பகைவன் ஒருவன் மழையைக் கொட்டியபோது, நாகராஜனான தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான். அவன் மனைவி பத்மாவதி. எனவே 'நாகராஜா' என்ற சொல்லும்கூட அங்கே புதிதாக வந்ததல்ல.

கல்வெட்டுகள் இதை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேணாட்டு அரசர்கள் காலத்தில், குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற இரண்டு சமண ஆசிரியர்களின் பொறுப்பில் இந்தக் கோயிலுக்கு நிலங்கள் விடப்பட்டன. அந்த நிலங்களுக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். பள்ளி என்பது சமண, பௌத்த ஆலயத்தைக் குறிக்கும் பழைய சொல். பத்மநாபனின் பக்தர்களான வேணாட்டு ராஜாக்களே சமணப் பண்டிதர்களுக்கு நிலம் எழுதி வைத்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அந்த நூற்றாண்டுக்குப் பிறகு சமணப் பண்டிதர்களின் பெயர்கள் மறைந்து, கோயில் முழுக்க நாகருக்கும் அனந்தகிருஷ்ணனுக்கும் உரியதாகிறது.

இவற்றையெல்லாம் வெளிக்கொண்டு வந்தது வேற்று நாட்டார் அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தொல்லியல் துறையும், அதன் முதல் கண்காணிப்பாளர் து. அ. கோபிநாத ராவும்தான். இந்து விக்கிரகக் கலையைப் பற்றி 1914க்கும் 1916க்கும் இடையில் பெரும் நூல் எழுதியவர் அவர். பத்மநாப தாசர்களின் அரசாங்கமே தன் செலவில், தன் ராஜ்யத்துக் கோயில்கள் சில முன்பு சமணப் பள்ளிகளாக இருந்தவை என்று அச்சிட்டு வெளியிட்டது. யாருடைய பக்தியும் அதனால் குறைந்துவிடவில்லை. அந்தப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலைக்கோயில் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

"இதையெல்லாம் எழுத வேண்டுமா?"

எங்களோடு வந்த ஒரு மாமா இப்படித்தான் கேட்டார். "கோயில்னா கோயில்தான். நாளைக்கு யாராவது இதை வெச்சுண்டு சண்டைக்கு வந்தா?" என்றார். அவருடைய கவலையை ஒதுக்கிவிட முடியாது. கோயில் யாருடையது என்ற கேள்வியால் நம் நாட்டில் சிந்திய ரத்தம் போதும்.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும். முதல் காரணம், நாம் கும்பிடும் இடத்தில் நமக்கு முன் கும்பிட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் அழிந்துபோன ஜனங்கள் அல்லர். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் நயினார் என்ற பட்டத்தோடு தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. நம்மைப் போலவே சிறுபான்மை, நம்மைப் போலவே பிள்ளைகள் வெளியூரில். அவர்களில் ஒருவர் நாகர்கோவிலுக்கு வந்து தூணில் மகாவீரரைப் பார்த்துக் கைகூப்பினால், பக்கத்தில் நிற்கும் நாம் அதன் பொருளை அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது காரணம் நியாயம். ஹேகியா ஸோஃபியாவைப் பற்றிக் கேட்கும் கேள்வியை நம் ஊரிலும் கேட்கத் துணிவில்லை என்றால், அதை அங்கே கேட்கும் உரிமையும் நமக்குக் குறைந்துவிடும். இரண்டும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. படையெடுப்பில் பிடிப்பது வேறு; ஆள் குறைந்து, ஆதரவு குறைந்து, ஒரு வழிபாடு இன்னொன்றில் கரைவது வேறு. ஆனால் இழந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், கரைந்ததும் இழப்புதான்.

மூன்றாவது காரணம், கை மாறியதால்தான் பல கட்டடங்கள் பிழைத்தன என்ற உண்மை. ரோமாபுரியின் பாந்தியன் என்ற பழைய தேவதைகளின் கோயில் 609ல் தேவாலயமாக்கப்பட்டதால் இன்றும் கூரையோடு நிற்கிறது. ஸ்பெயினில் கோர்டோபா நகரத்து மசூதி 1236ல் தேவாலயமாகியது. உள்ளே அதன் தூண் வரிசைகள் இன்றும் இருக்கின்றன. நம் கொச்சிக் கோட்டையில் போர்ச்சுகீசியர் கட்டிய ஸெயின்ட் ஃப்ரான்ஸிஸ் தேவாலயம் கத்தோலிக்கரிடமிருந்து டச்சுக்காரர்களிடமும், பிறகு ஆங்கிலேயரிடமும், கடைசியில் தென்னிந்தியத் திருச்சபையிடமும் வந்தது. 1524ல் இறந்த வாஸ்கோட காமாவைப் புதைத்த இடத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் முன்னவர்களின் அடையாளத்தை அழித்துவிடவில்லை. அதுதான் மனிதர்களுக்கு அழகு.

மலைக்கோயிலில் அந்த அழகு இருக்கிறது. பகவதியை வைத்தவர்கள் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி எறியவில்லை. மகாவீரரும் பார்சுவநாதரும் தங்கள் கருவறைகளிலேயே இருக்கிறார்கள். நாகர்கோவிலிலும் தூண் சிற்பங்களைச் சுண்ணாம்பு பூசி மூடாமல், அதே மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் செய்த நம் முன்னோர்களுக்கு அந்த உருவங்களின் பெயர்கள் மறந்து போயிருக்கலாம். படித்த நமக்கு மறக்கலாகாது.

போக விரும்பும் அன்பர்களுக்கு

கன்னியாகுமரி, சுசீந்திரம் யாத்திரை போகும் அங்கத்தினர்கள் இன்னும் அரை நாள் ஒதுக்கினால் போதும். ரயிலில் வந்தால் குழித்துறையில் இறங்கலாம். பஸ்ஸில் வந்தால் மார்த்தாண்டம். காலை வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுவது நல்லது. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். மேலே கடை எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். இறங்கி வந்து பார்த்திவபுரம் பெருமாளைச் சேவித்துவிட்டு, மாலையில் நாகராஜா கோயிலுக்குப் போகலாம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். பாறையில் முக்குடையின் கீழ் அமர்ந்திருப்பவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள். "அவர் தீர்த்தங்கரர், நமக்கு முன்னாலேயே இங்கே இருந்தவர். அவருக்கும் ஒரு நமஸ்காரம் பண்ணு" என்று சொல்லிக்கொடுங்கள்.